லேப்டாப்புக்கு எந்த பேஸ்ட், டெஸ்க்டாப்புக்கு எந்த பேஸ்ட்?

சித்திரை பிறந்துவிட்டால் என் சர்வீஸ் கடைக்கு வரும் பாதி லேப்டாப்கள் ஒரே குறையோடுதான் வரும். "கேம் போட்டா பத்து நிமிஷத்துல ஃபேன் கத்துது, அப்புறம் அப்படியே ஸ்லோ ஆயிடுது." மதுரையில் அந்த மாதங்களில் அறைக்குள்ளேயே 35, 36 டிகிரி இருக்கும். அறை எத்தனை டிகிரி சூடாகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை டிகிரி சிப்பிலும் கூடும். மார்கழியில் 85 டிகிரியில் ஓடிய பிராசஸர், சித்திரையில் 95-ஐத் தொட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் போன். போனில் இரண்டு தெர்மல் பேஸ்ட்களின் படம். சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதிக்கும் நடுவே பூசுவதுதான் தெர்மல் பேஸ்ட். "அண்ணா, இதுல 8.5 போட்டிருக்கு, அதுல 12.5 போட்டிருக்கு. விலை கூடதான், பரவாயில்ல. 12.5-ஐயே வாங்கிடவா?"

இதே கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு வரியில் சொல்லி அனுப்பினால் பாதிதான் போய்ச் சேர்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டியூபில் போட்டிருக்கும் எண்ணை, அதாவது வெப்பக் கடத்துதிறனை (W/mK), கடைசியாகப் பாருங்கள். உங்கள் சிப்புக்கு மேல் உலோக மூடி இருக்கிறதா, இல்லையா? ஒருமுறை போட்டால் எத்தனை வருஷம் திறக்காமல் விட நினைக்கிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது முக்கால்வாசி முடிவாகிவிடும்.

## பேஸ்ட் வாங்கும் முன் தூசியைப் பாருங்கள்

சூடாகும் எல்லா லேப்டாப்புக்கும் பேஸ்ட் காரணமில்லை. காற்று வெளியே வரும் ஓட்டையில் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு மெத்தை மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். மூன்று வருஷம் திறக்காத லேப்டாப் என்றால் அதை விரலால் முழுசாக உரித்தே எடுத்துவிடலாம். அதை எடுக்காமல் எவ்வளவு உசத்தியான பேஸ்ட் போட்டாலும் பிரயோஜனமில்லை. ப்ளோயர் வைத்து ஊதும்போது ஃபேனை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

குறை தூசியிலா பேஸ்ட்டிலா என்று திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெப்பத்தைக் காட்டும் ஏதாவது ஒரு மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, சிப்புக்குக் கனமான வேலை கொடுங்கள். இரண்டு மூன்று வினாடியில் 95-க்குத் தாவுகிறது, ஆனால் வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், சூடு சிப்பைவிட்டு வெளியே வரவே இல்லை. அது பேஸ்ட் கோளாறு. மெல்ல மெல்ல ஐந்து பத்து நிமிடத்தில் ஏறுகிறது, காற்று கொதிக்கிறது, ஆனால் வேகமில்லாமல் வருகிறது என்றால் அது தூசி. சிப்புக்குள் இருக்கும் பல கோர்களில் (கணக்குப் போடும் பகுதிகளில்) ஒரே ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால், அந்த இடத்தில் பேஸ்ட் விலகிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

## எதை வைத்து எடை போடுவது

பேஸ்ட் செய்யும் வேலை எளிமையானது. சிப்பும் ஹீட்சிங்க்கும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பள்ளங்களில் காற்று நிற்கும். காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.026. சாதாரண பேஸ்ட்டுக்கு 4 என்று வைத்தாலும் காற்றைவிட 150 மடங்கு மேல். அதே சமயம் செம்புக்கு 400. அதாவது, பேஸ்ட் செம்பைவிட 100 மடங்கு மோசம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால், பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் பேஸ்ட் வேண்டும், அதற்கு மேல் இருப்பதெல்லாம் தடைதான் என்பது புரிந்துவிடும்.

சரி, 8.5-க்கும் 12.5-க்கும் எவ்வளவு வித்தியாசம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேப்டாப் சிப்பின் பரப்பு 150 சதுர மில்லிமீட்டர், அது எடுக்கும் மின்சக்தி 50 வாட், பேஸ்ட் படலம் 50 மைக்ரான், அதாவது ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். கடத்துதிறன் 4 உள்ள பேஸ்ட் என்றால் அந்தப் படலத்தைக் கடக்கும்போது ஏறும் வெப்பம் 4 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 8 உள்ளது என்றால் 2 டிகிரி. எண் இரட்டிப்பானதற்குக் கிடைத்த லாபம் 2 டிகிரி. ஆனால் அந்த 8 உள்ள பேஸ்ட்டைத் தடிமனாகப் பூசி, திருகையும் சரியாக முறுக்காமல் விட்டு, படலம் 100 மைக்ரான் ஆகிவிட்டால் மறுபடி 4 டிகிரிக்கே வந்துவிடும். மூடி உள்ள டெஸ்க்டாப் சிப்பில் பரப்பு சுமார் 1000 சதுர மில்லிமீட்டர். 65 வாட் என்றால் 4-க்கும் 8-க்கும் கணக்குப்படி வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. சூடு நடுவில் குவிவதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும். அப்போதும் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளந்து போடுகிறது. இதனாலேயே கூலரும் பேஸ்ட்டும் தயாரிக்கும் நொக்டுவா நிறுவனம் தன் பேஸ்ட்டுகளுக்கு அந்த எண்ணையே வெளியிடுவதில்லை. ஒரு நிறுவனத்தின் 8-ஐ இன்னொரு நிறுவனத்தின் 12-ஓடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய அர்த்தமில்லை.

ஆகவே நான் பார்ப்பது இவற்றைத்தான். சிப்புக்கு மூடி இருக்கிறதா என்பது முதலில். டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு மேல் உலோக மூடி உண்டு. லேப்டாப் பிராசஸரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் சிலிக்கான் துண்டு அப்படியே வெளியே தெரியும். இரண்டாவது, அந்த இடத்தில் எத்தனை வருஷம் தாங்கும். மூன்றாவது, மின்சாரத்தைக் கடத்துமா. வழிந்தால் போர்டு போய்விடுமா. நான்காவது, ஹீட்சிங்க்கின் உலோகத்தோடு ஒத்துப்போகுமா. கடைசியாகச் செலவு: டியூபின் விலை, கழற்றி மாட்டும் கூலி, துடைக்கும் ஆல்கஹால், தப்பு நடந்தால் போகும் பணம், எல்லாம் சேர்த்து.

## வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் சின்ன டப்பாவில் கிடைப்பது. சிலிகான் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு கலந்தது. ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டருக்கும் பவர் சப்ளைக்கும் டிவி மெக்கானிக்குகள் காலங்காலமாகப் போட்டு வருகிறார்கள். அந்த வேலைக்கு இன்றும் நல்ல சாமான்தான். இதே விலை வரிசையில் கம்ப்யூட்டருக்கென்று சாம்பல் நிறத்தில் சிரிஞ்சில் வருபவையும் உண்டு.

பில் போடும் கம்ப்யூட்டர், டைப்பிங் மட்டும் செய்யும் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு இது போதும். மறைந்திருக்கும் செலவு, அது காய்ந்துபோவது. எண்ணெய் பிரிந்து போய் மிச்சம் சுண்ணாம்பு மாதிரி கட்டிதட்டிவிடும்.

கட்டிதட்டிய பேஸ்ட்டால் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர், ஏஎம்4 போர்டு, அதாவது ஏஎம்டி பிராசஸர் மாட்டும் ஒரு வகை. கூலரை நேராக மேலே இழுத்தேன். பிராசஸரும் பூட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் 1331 பின்களில் மூன்று வளைந்திருந்தன. பென்சில் லெட் போடும் மெக்கானிக்கல் பென்சிலின் முனைக்குள் அந்தப் பின்னைக் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து ஏஎம்4 என்றால் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகித் தளர்த்திய பிறகுதான் தூக்குகிறேன். ஏஎம்5-லும் இன்டெல் போர்டுகளிலும் பிராசஸரை ஒரு தகடு மேலிருந்து அழுத்திப் பிடித்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

## நடுத்தர பேஸ்ட்: எம்எக்ஸ்-4, என்டி-எச்1 வகை

மூடி உள்ள டெஸ்க்டாப் சிப் என்றால் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை. ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 தன் எண் 8.5 என்றும் எட்டு வருஷம் தாங்கும் என்றும் சொல்கிறது. நொக்டுவா என்டி-எச்1-ஐ ஐந்து வருஷம் வரை மாற்றாமல் விடலாம் என்கிறது. இரண்டும் மின்சாரம் கடத்தாது. கொஞ்சம் கூடுதலாக வைத்து ஓரத்தில் வழிந்தாலும் அழுக்கு என்பதைத் தவிர வேறு சேதமில்லை. முதல்முறை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவருக்கு இதுவே பெரிய நிம்மதி. நாலு கிராம் டியூப் ஒன்று வாங்கினால் பல முறைக்கு வரும். அக்கம்பக்கத்து வீட்டு கம்ப்யூட்டருக்கும் போட்டுக் கொடுக்கலாம்.

எவ்வளவு வைப்பது என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டில் கூடுதல் ஆவதைவிடக் குறைவதுதான் ஆபத்து. கூடினால் கூலர் அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். குறைந்தால் ஓர் ஓரம் வெறுமையாகவே நிற்கும். சதுர மூடிக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு, நீள்சதுரமான இன்டெல் எல்ஜிஏ 1700 மூடிக்கு நடுவில் ஒரு கோடும் நாலு மூலையில் சின்னப் புள்ளிகளும். அவ்வளவுதான்.

இந்த வகையில் போலிகள் உலவுகின்றன. அசலுக்குப் பாதி விலை என்று சொன்னால் வாங்க வேண்டாம். ஆர்க்டிக் பொருளை அசல்தானா என்று அவர்கள் தளத்திலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு.

குறை எங்கே வருகிறது என்றால், லேப்டாப்பில். இந்த வகை பேஸ்ட்டுகள் இளக்கமானவை. மூடியில்லாத சிப்பின்மேல் அவை நிலைத்து நிற்பதில்லை. காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

## விலை உயர்ந்த பேஸ்ட்: க்ரயோநாட் வகை

தெர்மல் கிரிஸ்லி க்ரயோநாட்டின் எண் 12.5. மாணவர் போனில் இருந்தது இதுதான். நல்ல பேஸ்ட். ஓவர்கிளாக் செய்பவர்கள், அதாவது சிப்பை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், கொண்டாடுகிறார்கள். ஆனால் அதைத் தயாரிப்பவர்களே அது காய்ந்து போகாமல் இருப்பதற்குச் சொல்லும் வரம்பு 80 டிகிரி. மாதத்துக்கு ஒருமுறை கூலரைக் கழற்றி மாட்டுபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தினமும் 90-ஐத் தாண்டும் கேமிங் லேப்டாப்புக்கு அது பெரிய விஷயம்.

வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர், தானே வாங்கி வந்த ஒரு விலை உயர்ந்த பேஸ்ட்டை (க்ரயோநாட் இல்லை, வேறொன்று) போட்டுத் தரச் சொன்னார். முதல் வாரம் அவருக்கு ஒரே சந்தோஷம், 12 டிகிரி இறங்கியது என்று போன் செய்து சொன்னார். எட்டு மாதம் கழித்து அதே லேப்டாப் அதே 97 டிகிரியோடு வந்தது. ஹீட்சிங்க்கைத் தூக்கினேன். சிப்பின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, என் டியூப்லைட் அதில் தெரிந்தது. பேஸ்ட் முழுவதும் நாலு ஓரத்திலும் வரப்பு கட்டினாற்போல ஒதுங்கிக் கிடந்தது.

இதற்குப் பெயர் பம்ப் அவுட். சிலிக்கான் சூட்டில் விரியும் அளவைப்போல செம்பு ஆறு மடங்குக்கும் மேல் விரியும். லேப்டாப் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த இரண்டும் வேறு வேறு அளவில் அசைகின்றன. சிப் நுண்ணளவில் வளைந்து நிமிர்கிறது. நடுவிலுள்ள பேஸ்ட்டை அந்த அசைவு கொஞ்சங்கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுகிறது. இளக்கமான பேஸ்ட் என்றால் சீக்கிரம் வெளியேறும். எண் 8-ஆ 12-ஆ என்பது இங்கே உதவுவதில்லை. கெட்டியாக இருக்கிறதா என்பதுதான் உதவும். மூடி உள்ள சிப்பில் இந்த அசைவு பேஸ்ட்டுக்கு இவ்வளவு கடுமையாக எட்டாது. எம்எக்ஸ்-4 டெஸ்க்டாப்பில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும், லேப்டாப்பில் சீக்கிரம் ஓடிவிடுவதும் இதனால்தான்.

பேஸ்ட்தான் போடுவேன் என்றால் லேப்டாப்புக்குக் கெட்டியானதாகப் பாருங்கள். தெர்மல்ரைட் டிஎஃப்எக்ஸ் மாதிரி, சிரிஞ்சை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால்தான் பூச வரும் என்ற பதத்தில் இருப்பவை. மூடியில்லாத சிப்புக்குப் பட்டாணி வைத்து அழுத்துவது சரிவராது. பரப்பு முழுக்க, மூலை உட்பட, ஸ்பாட்டுலாவால் தடவிவிட வேண்டும். ஒரு மூலை விட்டுப்போனால் அங்கே உள்ள கோர் சூடாகும்.

## ஃபேஸ் சேஞ்ச் (நிலை மாறும்) ஷீட்: பிடிஎம்7950

இப்போது என் கடையில் மூடியில்லாத சிப்புகளுக்கு நான் அதிகம் போடுவது இதுதான். ஹனிவெல் நிறுவனம் உருவாக்கியது. பார்க்க கால் மில்லிமீட்டர் தடிமனில் சாம்பல் நிற ஷீட். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும். 45 டிகிரி வாக்கில் இளகிப் பள்ளங்களுக்குள் பரவி, அழுத்தத்தில் மெலிந்து, ஆறியதும் மறுபடி இறுகிவிடும். எண் 8.5தான், எம்எக்ஸ்-4 அளவு. ஆனால் பம்ப் அவுட்டுக்கு இது அசைந்து கொடுப்பதில்லை. லெனோவோ தன் லீஜியன் லேப்டாப்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இதைப் போட்டு அனுப்புகிறது. ஃப்ரேம்வொர்க் நிறுவனம் தன் 16 அங்குல லேப்டாப்பை முதலில் திரவ உலோகத்தோடு வெளியிட்டுவிட்டு, 2024-இல் அதை விட்டு இதே வகையைச் சேர்ந்த பிடிஎம்7958-க்கு மாறியது. வருஷக்கணக்கில் உத்தரவாதம் கொடுக்க வேண்டிய நிறுவனமே அப்படி மாறியது எனக்குப் பெரிய சான்றாகப் பட்டது.

போடுவதில் ஒரு பக்குவம் வேண்டும். ஷீட்டின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஷீட் குழைந்து போய், தாளை உரித்தால் ஷீட்டும் கூடவே கிழிந்து வரும். அதனால் ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் பத்து நிமிடம் வையுங்கள். எடுத்தவுடன் சிப்பைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாகக் கத்தரித்து, ஒரு பக்கத் தாளைச் சட்டென்று உரித்து, சிப்பின்மேல் வைத்து அழுத்துங்கள். மறுபக்கத் தாள் வர மறுத்தால் இழுத்துப் போராட வேண்டாம், அப்படியே மறுபடி குளிர வைத்துவிட்டு உரியுங்கள். ஓரம் கொஞ்சம் கிழிந்தால் அந்தத் துண்டை எடுத்து ஒட்டிவிட்டால் போதும், சூட்டில் உருகிச் சேர்ந்துகொள்ளும்.

மாட்டிய முதல் அரை மணி நேரம் வெப்பம் சுமாராகத்தான் காட்டும். பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகுதான் அது இடத்தில் உட்காரும்.

இதன் மறைமுகச் செலவு போலிகள். ஆன்லைனில் இதே பெயரில் விற்கும் எல்லாமே அசல் இல்லை. விலையும் ஒரு சிப்புக்கு என்று பார்த்தால் எம்எக்ஸ்-4-ஐவிடக் கூடுதல், ஒருமுறை போட்டதை எடுத்து மறுபடி போடவும் முடியாது. கூலரை அடிக்கடி கழற்றுபவருக்கு இது ஒத்துவராது. மூடி உள்ள டெஸ்க்டாப் சிப்பிலும் போடலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அங்கே கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குத் தக்க லாபம் எனக்குத் தெரியவில்லை.

## திரவ உலோகம்

காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த உலோகக் கலவை. அறை வெப்பத்தில் பாதரசம் மாதிரி உருளும். தெர்மல் கிரிஸ்லி கண்டக்டோநாட்டின் எண் 73. பேஸ்ட் எதுவும் பக்கத்தில்கூட வர முடியாது. மூடியில்லாத, மிகவும் சூடாகும் சிப்பில் நிஜமாகவே பெரிய வித்தியாசம் தரும். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சோனி இதைத்தான் போட்டது. ஆசுஸின் ஆர்ஓஜி லேப்டாப்கள் பலவற்றிலும் இருக்கிறது.

ஆனால் அந்தத் தொழிற்சாலைகளில் சிப்பைச் சுற்றி ஃபோம் வேலி போட்டு, அளந்து, இயந்திரத்தால் பூசுகிறார்கள். நாம் வீட்டு மேஜையில் காதுகுடையும் பஞ்சுக்குச்சியால் பூசப்போகிறோம். இது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி உருண்டு சிப்பின் ஓரத்தில் இருக்கும் குட்டி கப்பாசிட்டர்களின் மேல் விழுந்தால் மதர்போர்டு போயிற்று. லேப்டாப்பில் பிராசஸரை மட்டும் மாற்ற முடியாது, போர்டையே மாற்ற வேண்டும்.

அடுத்தது அலுமினியம். காலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை மண்ணாங்கட்டி மாதிரி உதிரச் செய்துவிடும். "என் கூலர் செம்புதானே" என்று பார்வையில் முடிவு கட்டாதீர்கள். விலை குறைந்த பல ஏர் கூலர்களில் செம்புக் குழாய்கள் நேரே சிப்பைத் தொடும்; அந்தக் குழாய்களுக்கு நடுவே இருக்கும் பட்டைகள் அலுமினியம். அங்கே இதைப் போட்டால் கூலர் காலி. வெறும் செம்பிலும் காலியம் கொஞ்சம் இறங்கும், செம்பு வெளுத்துப்போகும், சில மாதத்தில் பூச்சு வறண்டு மறுபடி போட வேண்டிவரும். நிக்கல் பூசிய செம்புதான் இதற்கு ஒத்துவரும்.

கைப்பழக்கம் உள்ளவர், போர்டு போனால் தாங்கிக்கொள்ளும் வசதி உள்ளவர், கடைசி ஐந்து டிகிரிக்கும் நிஜமாகவே தேவை உள்ளவர் செய்யலாம். கல்லூரிக்குப் போகும் ஒரே லேப்டாப்பில் செய்ய வேண்டாம். பெற்றோர் தவணை கட்டி வாங்கிக் கொடுத்த இயந்திரம் என்று தெரிந்தால், அவர்கள் எவ்வளவு கேட்டாலும் நான் போட்டுத் தருவதில்லை. ஆனால் உங்கள் லேப்டாப்பில் நிறுவனமே திரவ உலோகம் போட்டிருந்தால், அதைத் திறக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்ட் என்று நினைத்து டிஷ்யூவால் இழுத்துத் துடைத்து, போர்டெங்கும் பரப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## கிராஃபைட் ஷீட்

கார்போநாட் போன்றவை. காயாது, ஓடாது, எடுத்து மறுபடி வைக்கலாம். அடிக்கடி பிராசஸர் மாற்றிச் சோதிப்பவர்களுக்கு வசதி. ஆனால் நல்ல பேஸ்ட்டைவிடச் சில டிகிரி சூடாகவே ஓடும், அழுத்தம் நன்றாக வேண்டும், மின்சாரம் கடத்தும், எளிதில் நொறுங்கும். பத்து வருஷம் யாரும் திறக்கப்போகாத ஒரு டெஸ்க்டாப்புக்கு நியாயமான தேர்வு. மற்றபடி இதை நான் அதிகம் பயன்படுத்துவதில்லை.

## ஒரே பார்வையில்

| வகை | மூடி உள்ள சிப் | மூடியில்லாத சிப் | மின்சாரம் கடத்துமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வெள்ளை ஹீட்சிங்க் பேஸ்ட் | லேசான வேலைக்குப் போதும் | வேண்டாம் | இல்லை | காய்ந்து கட்டிதட்டும், சீக்கிரம் மாற்ற வேண்டும் |
| எம்எக்ஸ்-4, என்டி-எச்1 | மிகவும் பொருந்தும் | தற்காலிகம் | இல்லை | போலிகள் |
| க்ரயோநாட் வகை | நன்று, விலைக்குத் தக்க லாபம் குறைவு | சீக்கிரம் ஒதுங்கும் | இல்லை | அடிக்கடி திறக்கும் கூலி |
| பிடிஎம்7950 | நன்று | மிகவும் பொருந்தும் | இல்லை | போலிகள், ஒருமுறைதான் போட முடியும் |
| திரவ உலோகம் | தேவையில்லை | கைதேர்ந்தவருக்கு மட்டும் | கடத்தும் | போர்டு, அலுமினியக் கூலர் |
| கிராஃபைட் | திறக்கவே போகாத இடத்தில் | வேண்டாம் | கடத்தும் | சில டிகிரி கூடுதல் |

## பேஸ்ட் போடக் கூடாத இடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேப்டாப்பையோ கிராஃபிக்ஸ் கார்டையோ திறந்தால், மெமரி சிப்புகளின் மேல் ரப்பர் மாதிரி பேட் ஒட்டியிருக்கும். அது கிழிந்து போயிற்று என்று அங்கேயும் பேஸ்ட்டைப் பூசி மூடிவிடுகிறார்கள். அந்த இடைவெளி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். பேஸ்ட்டால் அதை நிரப்ப முடியாது, மெமரிக்கும் ஹீட்சிங்க்குக்கும் தொடுதலே இருக்காது. பிராசஸர் குளிர்ந்துவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது மெமரி வெந்துகொண்டிருக்கும். பழைய பேட்டின் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்க வேண்டும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாகப் படியாது, குறைந்தால் மெமரியைத் தொடாது. அளவு தெரியாதபோது களிமண் மாதிரி இருக்கும் தெர்மல் புட்டி நல்லது. இடைவெளி எவ்வளவோ அந்த அளவுக்குத் தானே நசுங்கிக்கொள்ளும்.

## கணக்கில் வராத மற்ற செலவுகள்

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டும், 99 சதவீதம் உள்ளது. வீட்டில் மிச்சமிருக்கும் சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பழைய பனியன் துணி நூல் விடும்; மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி நல்லது. திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஹீட்சிங்க் திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும்; அந்த வரிசையில் கொஞ்சங்கொஞ்சமாக முறுக்கினால்தான் அழுத்தம் ஒரே சீராக விழும். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால், எந்த பேஸ்ட் போட்டும் ஒரு ஓரம் தடித்தே நிற்கும்.

வாரண்டி இருக்கும் லேப்டாப்பைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். வாரண்டிக்குள் சூடானால் முதலில் அவர்களிடமே கொண்டுபோங்கள். அது உங்கள் உரிமை.

## அப்படியானால் எதை வாங்குவது

வீட்டு டெஸ்க்டாப், ஆபீஸ் டெஸ்க்டாப், புதிதாக அசெம்பிள் செய்யும் கேமிங் கம்ப்யூட்டர் என்றால் எம்எக்ஸ்-4 அல்லது என்டி-எச்1. கூலருடன் பெட்டியிலேயே பேஸ்ட் வந்திருந்தால் அதையே போடுங்கள், தனியாக வாங்க வேண்டாம். மிச்சப்படும் பணத்தைக் கேபினெட்டுக்கு ஒரு ஃபேன் வாங்கப் போடுங்கள், அதில் கிடைக்கும் குளிர்ச்சி பேஸ்ட் மாற்றுவதைவிடக் கூடுதல். இன்னொன்று, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்புகள் 95 டிகிரி வரை தாமாகவே போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த 95-ஐப் பார்த்துவிட்டுப் பேஸ்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப் போக வேண்டாம்.

கேமிங் லேப்டாப், எடிட்டிங் லேப்டாப், வாரண்டி முடிந்த கிராஃபிக்ஸ் கார்டு என்றால் பிடிஎம்7950. அசல் கிடைக்காவிட்டால் கெட்டியான பேஸ்ட், வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பிரவுசிங்கும் டைப்பிங்கும் மட்டும் செய்யும் 15 வாட் லேப்டாப்புக்கு எம்எக்ஸ்-4 தாராளமாகப் போதும். அந்தச் சிப் அவ்வளவு சூடாவதில்லை, பேஸ்ட் ஒதுங்கினாலும் மெதுவாகத்தான் ஒதுங்கும்.

அந்த மாணவரின் லேப்டாப்புக்கு ஷீட்தான் போட்டோம். முதலில் ஃபேனிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துக் காட்டினேன், அவரே போட்டோ எடுத்துக்கொண்டார். மூடுவதற்கு முன் அடிமூடியின் உள்பக்கத்தில் ஒரு சின்னத் தாளை ஒட்டி, என்ன போட்டோம், எந்தத் தேதியில் போட்டோம், அன்றைக்கு அறை வெப்பம் எவ்வளவு, முழு வேலையில் சிப் எத்தனை டிகிரி காட்டியது என்று பேனாவால் எழுதினேன். நீங்களே போட்டாலும், கடையில் கொடுத்துப் போட்டாலும், அந்தத் தாளை ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை திறப்பவருக்கு முதல் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கும்.